ஒரே வரிசையில் களை எடுத்த ரெண்டு ஓரகத்திகள், ரெண்டு பதில்: என் தீசிஸ் எங்கே தவறுது?

கேள்வி: சிவதாபுரம்_செவிலி

வணக்கம். சேலம் சிவதாபுரம் நான். அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை வேலை. எம்.எஸ்ஸி நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கறேன். என் தீசிஸ் ஏற்காட்டுக் காபித் தோட்டங்கள்ல வேலை செய்யற அம்மாக்களைப் பத்தினது. வயித்துல குழந்தை இருக்கும்போது மருந்து அடிச்ச இடத்துல வேலை செஞ்சதுக்கும், குழந்தை எடை குறைஞ்சு பிறக்கறதுக்கும் தொடர்பு இருக்கா? இதுதான் நான் தேடறது. 2500 கிராமுக்குக் கீழ பிறந்த குழந்தைகளோட அம்மாக்கள் ஒரு பக்கம், அதுக்கு மேல பிறந்தவங்களோட அம்மாக்கள் இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் ஒரே கேள்வித்தாள்.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்றேன். அதுலேர்ந்து எனக்கு வேற எதுவும் ஓடலை.

நாகலூர் தாண்டி ஒரு எஸ்டேட். லைன் வீடுங்க. ஒரே சுவரை ஒட்டி அண்ணன் குடும்பம் ஒரு வீட்டுல, தம்பி குடும்பம் அடுத்த வீட்டுல. ரெண்டு பொம்பளைங்களுக்கும் கைக்குழந்தை, ஆறு வாரம்தான் வித்தியாசம். பெரியவங்க குழந்தை பிறந்தப்போ 1900 கிராம். கீழே சேலத்துல 18 நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்துதான் மலைக்குக் கொண்டு வந்திருக்காங்க. சின்னவங்க குழந்தை 2900.

பெரியவங்ககிட்ட முதல்ல உட்கார்ந்தேன். "கர்ப்பமா இருந்தப்போ மருந்து அடிச்ச இடத்துல வேலை செஞ்சீங்களா?"ன்னு தாள்ல இருக்கற மாதிரியே கேட்டேன். உடனே பதில் வரலை. மடியில இருந்த குழந்தையோட உள்ளங்காலைக் கட்டைவிரலால நீவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. மழைக்கு முன்னாடி மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சது. இலை பூரா நீலமா படிஞ்சது. மறுநாளே அங்கே களை எடுக்க விட்டது. கை அரிச்சது, முந்தானையில முகத்தைத் துடைச்சது, அன்னைக்கு ராத்திரி சோறு இறங்காம போனது. "அன்னைக்கே மனசுக்கு என்னமோ பட்டுச்சு சிஸ்டர்"னாங்க. நான் எழுதி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆச்சு.

அடுத்த வீட்டுல சின்னவங்க வாசல்ல துணி அலசிக்கிட்டு இருந்தாங்க. அதே கேள்வி. "மருந்தா? இல்லைங்க சிஸ்டர், அதெல்லாம் ஆம்பளைங்க அடிப்பாங்க." இல்லைங்கற கட்டத்துல டிக் போட்டேன். மொத்தத் தாளும் பத்து நிமிஷத்துல முடிஞ்சது.

கிளம்பற நேரத்துல பெரியவங்க திண்ணையிலேர்ந்து குரல் கொடுத்தாங்க. "ஏம்புள்ள, இல்லேங்கறே? நீயும் நானும் ஒரே வரிசையிலதானே களை எடுத்தோம். உன் சீலையிலயும்தானே நீலம் ஒட்டுச்சு. சோப்புப் போட்டும் போகலேன்னு நீதானே சொன்னே."

சின்னவங்க துணியை அப்படியே வெச்சுட்டு நிமிர்ந்தாங்க. "அட, ஆமாக்கா."

அவங்க பொய் சொல்லலை, முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சது. குழந்தை நல்லா பிறந்துச்சு. அந்த நாளை எடுத்து வெச்சுக்க அவங்களுக்கு ஒரு காரணமும் இருக்கலை. பெரியவங்களோ 18 நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல படுத்துக்கிட்டு, என்ன தப்பு பண்ணினோம்னு அந்த ஒன்பது மாசத்தையும் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்திருக்காங்க.

இறங்கற பஸ்ஸுல 20 கொண்டை ஊசி வளைவும் இதே நினைப்பு. வீட்டுக்கு வந்து இதுவரைக்கும் எழுதின எல்லாத் தாளையும் தரையில பரப்பிப் பார்த்தேன். இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு, அதைச் சொல்லத்தான் கஷ்டமா இருக்கு. எடை குறைஞ்ச குழந்தை இருக்கற வீட்டுத் தாள்ல எல்லாம் ஓரத்துல என் கையெழுத்து நிறைய இருக்கு. "இல்லை"ன்னு சொன்னவங்களையும் "நல்லா யோசிச்சுப் பாருங்க"ன்னு மறுபடி கேட்டிருக்கேன். நல்ல எடை குழந்தை வீட்டுல ஒரு தடவைகூட அப்படிக் கேட்கலை. எந்த வீடு எந்தப் பக்கம்னு எனக்கு முன்னாடியே தெரியுமே.

என் கைடுகிட்ட சொன்னேன். "சாம்பிள் சைஸைக் கூட்டும்மா, இந்த மாதிரி சின்னச் சின்ன தப்பெல்லாம் அடிபட்டுப் போயிடும்"னு சொன்னாங்க. போயிடுமா? அந்தச் சின்னவங்க தாள்ல இருக்கற "இல்லை"யை அடிச்சுட்டு "ஆமா"ன்னு நான் மாத்தலாமா? பெரியவங்க மட்டும் குரல் கொடுக்கலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஓரகத்தி பக்கத்துல இல்லாத மத்த வீடுகள்ல எத்தனை "இல்லை" இந்த மாதிரி "இல்லை"யோ?

இதுல பழகினவங்க யாராவது சொல்லுங்க.

பதில் 1: ஓய்வுபெற்ற_ஆசிரியர்

வணக்கம் அம்மா. சமூக மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவன். பரப்பி வைத்த தாள்களில் நீங்களே கண்டுபிடித்ததைப் பல பேர் பட்டம் வாங்கிய பிறகும் கண்டுபிடிப்பதில்லை. அதற்காக வருத்தப்படாதீர்கள்.

சாம்பிளைக் கூட்டினால் இது சரியாகாது. ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைந்த குழந்தைகளின் தாய்மார் 100 பேர், மற்றவர்கள் 100 பேர். உண்மையில் இரண்டு பக்கமும் 40 பேர்தான் மருந்து அடித்த இடத்தில் நின்றவர்கள். அதாவது மருந்துக்கும் எடைக்கும் தொடர்பே கிடையாது. முதல் பக்கத்து 40 பேரில் 36 பேருக்கு அது நினைவில் இருக்கிறது. மறுபக்கத்து 40 பேரில் 24 பேருக்குத்தான் நினைவிருக்கிறது. உங்கள் தாளில் 36க்கு 24 என்று விழும். ஆட்ஸ் ரேஷியோ, அதாவது நின்றவர்களுக்கும் நிற்காதவர்களுக்கும் உள்ள விகிதத்தை இரண்டு பக்கமும் ஒப்பிடும் எண், ஏறக்குறைய 1.8. தொடர்பே இல்லையென்றால் அது 1 ஆக இருக்க வேண்டும். இல்லாத தொடர்பு ஒன்று முளைத்துவிட்டது.

இப்போது வேறொரு ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் பக்கத்தில் 60 பேர், மறுபக்கத்தில் 40 பேர் நின்றிருக்கிறார்கள். தொடர்பு நிஜம், உண்மையான ஆட்ஸ் ரேஷியோ 2.25. ஆனால் இரண்டு பக்கத்தாருமே பத்துக்கு நான்கு பேர் மறந்துவிடுகிறார்கள். தாளில் என்ன விழும்? மறுபடியும் 36க்கு 24. அதே 1.8.

முதல் ஊரில் மருந்து நிரபராதி. இரண்டாவது ஊரில் நாம் கண்டதைவிடப் பெரிய குற்றவாளி. இரண்டுக்கும் ஒரே அட்டவணை. உங்கள் கையில் இருக்கும் தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து மடங்கு தாய்மாரைக் கேட்டால் 360க்கு 240 வரும், 1.8 அப்படியே நிற்கும், கான்ஃபிடன்ஸ் இன்டர்வல், அதாவது விடை இதற்குள் இருக்கலாம் என்று நாம் சொல்லும் எல்லை, மட்டும் குறுகும். தவறான எண்ணை இன்னும் உறுதியோடு சொல்வோம், அவ்வளவுதான்.

தகவல் இப்படி ஒரு பக்கமாகச் சாய்வதைத் தகவல் சார்பு (bias) என்போம். தாய்மாரின் ஞாபகத்தில் நேர்ந்தால் நினைவுச் சார்பு. நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் திரும்பக் கேட்டதால் வருவது கேட்பவர் சார்பு. உங்கள் ஆய்வில் இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன, அதுதான் கவலை.

உலகத்தில் இதைப் பெரிய அளவில் அளந்திருக்கிறார்கள். கருக்கலைப்பு செய்துகொண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வருமா என்று வெகுகாலம் சண்டை நடந்தது. 16 நாடுகளின் 53 ஆய்வுகளை, நோய் வந்த சுமார் 83,000 பெண்களின் தகவலை ஒன்றாகச் சேர்த்து 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கருக்கலைப்பு பற்றிய தகவல் நோய் வரும் முன்பே பதிவாகியிருந்த ஆய்வுகளில் ஒப்பீட்டு அபாயம் 0.93 (1 என்றால் வித்தியாசமில்லை, அதற்கு மேல் என்றால் அபாயம் கூடுதல்). நோய் வந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்ட ஆய்வுகளில் 1.11. கேட்ட நேரம்தான் மாறியது, விடையின் திசையே மாறிவிட்டது. நோய் வந்தவர் டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். நன்றாக இருப்பவருக்கு அந்நியரிடம் அதைச் சொல்ல என்ன அவசியம்?

ஆனால் எல்லாக் கேள்வியிலும் இது நேரும் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் மார்த்தா வெர்லர் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், பிறவிக் குறை உள்ள குழந்தைகளின் தாய்மாரும் மற்ற தாய்மாரும் பிரசவத்துக்குப் பின் சொன்னதை, கர்ப்ப காலத்திலேயே எழுதப்பட்ட மருத்துவக் குறிப்போடு ஒப்பிட்டார்கள். சிறுநீர்த் தொற்று போன்ற சிலவற்றில் இரு பக்கத்து ஞாபகமும் வேறுபட்டது. சிலவற்றில் வேறுபடவே இல்லை. ஆகவே ஒவ்வொரு கேள்வியாகச் சோதிக்க வேண்டும்.

அந்தத் தங்கையின் "இல்லை"யைத் திருத்தாதீர்கள். ஒருவருக்கு மட்டும் சாட்சி கேட்டுத் திருத்துவது இன்னொரு சார்பு. குழந்தை பிறக்கும் முன்பே, அதன் எடை என்னவென்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே எழுதப்பட்ட ஏதாவது ஒரு பதிவு அந்த எஸ்டேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், எல்லோருக்கும் அதைப் பாருங்கள்.

பதில் 2: மலை_நர்சம்மா

கண்ணு, நான் கிராம சுகாதார செவிலியரா 30 வருஷத்துக்கு மேல மலையில இருந்தவ. ஐயா சொன்ன கணக்கு எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, ஆனா அவர் கேட்ட பதிவு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். செக்ரோல். எஸ்டேட் ஆபீஸ்ல கணக்குப்பிள்ளை தினமும் எழுதுவாரு. எந்த ஆளு, எந்த பிளாக்கு, என்ன வேலை, அரை நாளா முழு நாளா. கூலி அதை வெச்சுத்தான். கூலி விஷயம்கறதால அதுல தப்பு இருந்தா அன்னைக்கே சண்டை வந்திரும், சரி பண்ணிருவாங்க. மருந்து அடிச்ச ஆளுங்க பேரும் அதே புத்தகத்துல வேற வரியில இருக்கும். மொதல்ல அதைப் போய்க் கேளு. மேனேஜர் தயங்கினா, பேர் வேண்டாம், நம்பர் போட்டுக்கறேன்னு சொல்லு.

இன்னொண்ணு. "மருந்து"ன்னு கேட்டியே, அது என்ன கேள்வி? மலையில மருந்துன்னா மாத்திரையும் மருந்து, பச்சிலையும் மருந்து, பிள்ளை பெத்தவளுக்குக் கிண்டிக் குடுக்கற லேகியமும் மருந்து, பயிருக்கு அடிக்கறதும் மருந்து. உனக்காவது பரவால்ல, "அடிச்ச இடம்"னு சேர்த்துக்கிட்டே. முந்தி ஒரு படிக்கற புள்ள வந்து "கர்ப்பத்தில் மருந்து உட்கொண்டீர்களா"ன்னு படிச்சுக் காட்டுச்சு. ஒருத்தி சத்து மாத்திரையை நினைச்சு ஆமாங்கறா, இன்னொருத்தி வேற எதையோ நினைச்சு மாமியாரைப் பார்த்துக்கிட்டே இல்லைங்கறா. மயில்துத்தம்னு கேளு, நீலத்தண்ணின்னு கேளு, அப்பத்தான் கண்ணு முன்னாடி வரும்.

மாசக் கணக்கும் பாத்துக்க. "எத்தனை மாசம் வரைக்கும் வேலைக்குப் போனே?"ன்னா "அஞ்சு மாசம்"பா. அது நடக்கற மாசம். உங்க தாள்ல முடிஞ்ச மாசமா இருக்கும். நாம பத்து மாசம் சுமக்கறோம்னு சொல்றவங்க, டாக்டருங்க 40 வாரம்னு எழுதறவங்க. அதே மாதிரி "தலைக்கு ஊத்துனது எப்ப?"ன்னு கேட்டா குளிச்ச நாளைச் சொல்லுவா. தீட்டு வந்த மொத நாள் அதுக்கு மூணு நாலு நாள் முன்னாடி. வெறுந்தேதி கேட்டியானா பாதிப்பேரு 1, இல்லாட்டி 15ன்னு ஒரு வட்டத் தேதியைச் சொல்லிருவாங்க. நான் எப்பவும் பண்டிகையை வெச்சுத்தான் புடிப்பேன். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன்னாடியா பின்னாடியா, கீழ கோட்டை மாரியம்மன் பண்டிகை அன்னைக்குக் கோயிலுக்குள்ள போனியா, போகாம வெளிய நின்னியா? வெளிய நின்னவளுக்கு அந்த நாள் மறக்கவே மறக்காது.

சத்து மாத்திரை சாப்பிட்டியான்னு நான் கேட்டா எல்லாரும் ஆமாம்பாங்க. குடுத்தவளே நான், என்கிட்ட எப்படி இல்லைம்பாங்க? ஒரு வீட்டுல பரண் மேல வெத்தலைப் பொட்டி, அதுக்குள்ள பிரிக்காத அட்டை அத்தனையும் இருந்துச்சு. திட்டலை. மாத்திரை தின்னா வயித்தைப் புரட்டுது, என்ன பண்ணுவா பாவம். அதுக்கப்புறம் "சாப்பிட்டியா"ன்னு கேட்கறதை விட்டுட்டேன். "வெளிக்குப் போறது கருப்பா போகுதா?"ன்னு கேப்பேன். இரும்புச்சத்து உள்ள போனா கருப்பாத்தான் போகும்.

கரு கலைஞ்சது, கலைச்சது கேக்கறதா இருந்தா வீட்டுக்குள்ள கேக்காதே. துவைக்கற கல்லுப் பக்கம் கூட்டிட்டுப் போ.

பதில் 3: சேலம்_டேட்டா

இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தணும்? அம்மாக்கள் சொல்றது நம்பகமில்லைன்னு தெரிஞ்சாச்சு. பேட்டியையே விட்டுட்டு ரெக்கார்டை மட்டும் எடுங்க. தாய்-சேய் அட்டை இருக்கு, கர்ப்பத்தைப் பதிவு பண்ணும்போது அரசு தர்ற பிக்மி நம்பர் இருக்கு, எடை எழுதியிருக்கு. முடிஞ்சது.

பதில் 4: மலை_நர்சம்மா

தம்பி, அந்த எடையை எழுதினதே என்னை மாதிரி ஆளுங்கதான். முள்ளுத் தராசுல துணி ஊஞ்சல் கட்டித் தூக்கினா குழந்தை காலை உதைக்கும், முள்ளு ஆடும். 2.4க்கும் 2.5க்கும் நடுவுல ஆடினா கை 2.5ன்னுதான் எழுதும். 2.5ன்னா பெத்தவளுக்கும் நிம்மதி, கீழ அனுப்ப வேண்டியதில்லை. நானே எழுதியிருக்கேன். அந்தப் பொண்ணோட தீசிஸுக்குக் கோடே 2500லதானே இருக்கு?

அம்மா சொல்றது நம்பகமில்லைன்னு சொல்லாதே. மூத்தவ சொன்னதுல எது தப்பு? சீலையில ஒட்டின நீலம் வரைக்கும் சரியாச் சொன்னாளே.

பதில் 5: ஓய்வுபெற்ற_ஆசிரியர்

நர்சம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். 2500 என்ற எண்ணில் குவிவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். வீட்டுக்கு வீடு எடுத்த சர்வேக்களிலிருந்து எடைக்குறைவைக் கணக்கிட்டபோது யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும், சரியாக 2500 கிராம் என்று பதிவான குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கை எடைக்குறைவுப் பக்கம் சேர்த்தே எண்ணின. சிவதாபுரம் அம்மா, உங்கள் தாள்களில் சரியாக 2500 என்று எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவர்களை ஒருமுறை அந்தப் பக்கமும் ஒருமுறை இந்தப் பக்கமும் வைத்துக் கணக்குப் போட்டு, இரண்டு விடையையும் தீசிஸில் எழுதுங்கள்.

மூத்தவர் பற்றி நர்சம்மா சொன்னதும் முக்கியம். நினைவுச் சார்பு என்றதும் துயரப்பட்ட தாய் மிகைப்படுத்துகிறாள் என்று முடிவுகட்டுகிறார்கள். பெரும்பாலும் அவள் சொல்வதுதான் உண்மைக்கு அருகில் இருக்கும். மறப்பது மறுபக்கம்.

பதில் 6: அம்மாபேட்டை_தறிவீடு

நான் படிச்சவ இல்லை, கேள்வி கேட்கப்பட்டவ. அதனால எழுதலாமான்னு யோசிச்சு எழுதறேன். ஐயா பெரும்பாலும்னு சொல்லியிருக்காரு. எனக்கு நடந்தது வேற மாதிரி.

என் பொண்ணுக்கு மேலுதட்டுப் பிளவு. 2020ல பிறந்தா. ஆறாம் மாசம் ஆபரேஷனுக்கு வார்டுல இருந்தப்போ படிக்கற புள்ள ஒண்ணு வந்து வரிசையா கேட்டுச்சு. அதுல ஒரு கேள்வி, கிரகணத்தப்போ வெளியே வந்தீங்களான்னு. 2019 டிசம்பர் 26 காலையில சூரிய கிரகணம். அப்போ எனக்கு அஞ்சாம் மாசம். அந்தக் கேள்வியை அதுக்குள்ள என் மாமியார் கேட்டாச்சு, நாத்தனார் கேட்டாச்சு, தெருவுல பாதிப்பேரு கேட்டாச்சு. நான் "ஆமா, வந்தேன்"னு சொன்னேன். எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. தெருவுல தறிக்குப் பாவு நூல் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, நான் சொம்புல தண்ணி கொண்டு போய்க் குடுத்தேன், வெயில் ஒரு மாதிரி மங்கலா இருந்துச்சு. கண்ணை மூடினா அப்படியே தெரியும்.

ஒரு வருஷம் கழிச்சு என் வீட்டுக்காரர்தான் கேட்டாரு, "கிரகணத்தன்னைக்கு யாராவது பாவு ஓட்டுவாங்களா? தெருவே கதவடைச்சுக் கிடந்துச்சு. நீ உள் ரூம்ல சன்னலுக்குப் போர்வை கட்டிட்டுப் படுத்திருந்தே"ன்னு. தண்ணி கொண்டு போனது நிஜம், அது வேற நாள். ரெண்டையும் என் மனசே ஒண்ணாத் தச்சு வெச்சிருந்துச்சு. அத்தனை பேரு கேட்டுக் கேட்டு.

அப்புறம் ஆபரேஷன் பண்ணின டாக்டர் சொன்னாரு, மேலுதடு கூடறது கரு உண்டாகி ஏழு வாரத்துக்குள்ள முடிஞ்சிரும்னு. அஞ்சாம் மாசத்துல கிரகணம் பார்த்தாலும் பார்க்காட்டியும் அந்த உதட்டுக்கு ஒண்ணும் இல்லை. அந்தத் தாள்ல மட்டும் என் "ஆமா" இன்னும் இருக்கும்.

சிவதாபுரம் தங்கச்சிக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும். கேள்வி ஆரம்பிக்கும்போதே "குழந்தை நல்லா இருக்கறவங்ககிட்டயும் இதே கேள்வியைத்தான் கேட்கறோம்"னு சொல்லிருங்க. என்கிட்ட யாராவது அதைச் சொல்லியிருந்தா, நான் மட்டும்தான் கூண்டுல நிக்கறேன்னு தோணியிருக்காது.

கேள்வி கேட்டவர்: சிவதாபுரம்_செவிலி

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இன்னைக்கு மறுபடி ஏற்காடு போயிட்டு வந்தேன். எஸ்டேட் ஆபீஸ்ல முதல்ல தயங்கினாங்க. நர்சம்மா சொன்ன மாதிரியே, பேர் எழுத மாட்டேன்னு கடிதம் கொடுத்ததும் கணக்குப்பிள்ளை ஐயா புத்தகத்தை எடுத்தாரு. நீளமான கட்டம் போட்ட புத்தகம், ஓரமெல்லாம் காபிக் கறை. மே மாசத்துப் பக்கம். ஸ்ப்ரே, நாலு ஆள், மூணாம் பிளாக். அடுத்த நாள் கட்டத்துல அதே மூணாம் பிளாக், களை. பதினொரு பொம்பளைங்க பேரு. பெரியவங்க பேரு அஞ்சாவது, சின்னவங்க பேரு ஆறாவது. ரெண்டுக்கும் நேரே முழு நாள் குறி. அதுக்கு அடுத்த மூணு நாளும் பெரியவங்க கட்டம் காலி. "சோறு இறங்கலை"ன்னு சொன்னாங்களே, அந்த நாட்கள். அதை நான் கேள்வித்தாள்ல கேட்கவே இல்லை.

அந்தப் பதினொரு பேர்ல இன்னும் மூணு பேர் அப்போ கர்ப்பமா இருந்தவங்க, என் லிஸ்ட்டுல இருக்கறவங்க. ஒருத்தர் "இல்லை"ன்னு சொல்லியிருக்காங்க.

கைடுகிட்ட ஐயாவோட ரெண்டு ஊர் கணக்கைத் தாள்ல போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை தானே போட்டுப் பார்த்தாங்க. சாம்பிள் கூட்டற பேச்சை விட்டுட்டு, செக்ரோல்ல இருக்கறதை முதன்மைத் தகவலா வெச்சுக்கலாம், அம்மாக்கள் சொன்னதைத் தனிக் கட்டத்துல வெச்சு, எந்தப் பக்கத்துல எவ்வளவு மறந்திருக்காங்கன்னு அதையே ஒரு அத்தியாயமா எழுதுன்னு சொல்லிட்டாங்க. எத்திக்ஸ் கமிட்டிக்குத் திருத்தம் போடணும். இனிமே பேட்டி எடுக்கப் போறது என் வகுப்புத் தோழி. எந்த வீட்டுக் குழந்தை என்ன எடைன்னு அவளுக்குத் தெரியாது. குழந்தை எடையைக் கடைசிக் கேள்வியா தள்ளியாச்சு. சரியா 2500ன்னு இருக்கற தாள்கள் எண்ணினேன், ஏழு.

ஆபீஸ்லேர்ந்து இறங்கி லைன் வீட்டுப் பக்கம் போனேன். பெரியவங்க என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்த நீலத்தண்ணியாலதான் குறைஞ்சுதா சிஸ்டர்?" தங்கச்சியும் அதே பிளாக்குலதான் இருந்தாங்கன்னு புத்தகத்துல இருக்குக்கா, ஒரு நாளை வெச்சு உங்களால ஆச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, நிறைய பேரைச் சேர்த்துப் பார்க்கத்தான் இத்தனை தடவை ஏறி வர்றேன்னு சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் எதுவும் சொல்லலை. அப்புறம், "காலி விட்ட மூணு நாளும் எழுதிருக்கா அதுல?"ன்னு கேட்டாங்க. எழுதியிருக்குக்கான்னேன்.

குழந்தையைத் தூக்கிக் காட்டினாங்க. இப்போ நாலரைக் கிலோ.

புதுக் கேள்வித்தாளை நாளைக்கு இங்கே போடறேன். "மருந்து"ங்கற வார்த்தையே இல்லை அதுல. நர்சம்மா, மாசக் கணக்குக் கேள்வியை மட்டும் நீங்க ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.

பதில் 7: மலை_நர்சம்மா

போடு கண்ணு. எங்க பக்கத்துவீட்டுப் புள்ளைக்கு இது ஏழாம் மாசம் நடக்குது, அவகிட்டயே கேட்டுப் பாத்துச் சொல்றேன். செக்ரோல் ஜனவரிக்கு மேல புதுப் புத்தகம் மாறும், பழசை மூட்டை கட்டி மேல போட்டுருவாங்க. அதுக்குள்ள எழுதி எடுத்துக்க.